தாவத் தெரியாது

பள்ளியில் எனக்கு இரண்டு பட்டப்பெயர்.
முதல் மணிக்குத் தூங்குமூஞ்சி.
கணக்கு வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டால்
தேவாங்கு.
ஸ்ரீராம்புரம் தமிழ்ப் பள்ளியோடு
இரண்டும் ஒழிந்தன என்றிருந்தேன்.

இந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்கு மின்பிரிவு.
எல்லோருக்கும் நிழலாக இருப்பது
என் பதிவேட்டில் ‘மரத் தடங்கல்’.
புல்வெளியில் மல்லாந்து கிடக்கிற பிள்ளைகள்
பச்சையைப் பார்க்கிறார்கள்.
நான் பச்சைக்குள் ஓடும் கம்பியைப் பார்க்கிறேன்.
அவர்கள் பாட்டுக்கு ஒரு காதல் முறிந்து
அடுத்தது துளிர்க்கும்.
எனக்கு ஒரு கிளை முறிந்தால்
மூன்று விடுதி இருட்டு.

மே மாதக் கடைசியில் உத்தரவு வந்தது.
வேதியியல் துறைக்குப் பின்னால்
தூங்குமூஞ்சி மரத்திலிருந்து புங்கமரத்துக்கு நீண்டு
கம்பியை உரசும் கிளை,
மழைக்கு முன் அகற்றவும்.
கீழே நஞ்சேகௌடர் கையெழுத்து,
கோழி கிளறிய மாதிரி.

ஏணியை நான் சாய்த்தேன்.
ஆரோக்கியதாஸ் அரிவாளைத் துடைத்தான்.
சைக்கிளைத் தரையில் போட்டுவிட்டு
ஒரு பெண் ஓடிவந்தாள்.
விலங்கியல் ஆராய்ச்சி, குடகுப் பக்கம், பெயர் தேச்சம்மா.
இது போனால் காடுபாப்பாவுக்கு வழி இல்லை என்றாள்
கன்னடத்தில், மூச்சிரைக்க.
காட்டுக்குப் பாப்பாவா?
ஆரோக்கியதாஸ் என் பக்கம் குனிந்து சொன்னான்:
“தேவாங்குண்ணே.”

அவர்கள் அதைப் பாப்பா என்கிறார்கள்.
நாம் அதை வைத்துப் பையன்களைத் திட்டுகிறோம்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு
டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டு
என்னைக் கூட்டிப் போனாள்.
மரம் இலை மூடித் தூங்கியது, பேருக்கேற்ப.
அதற்குள்ளே இரண்டு கங்கு.
அணைந்தது.
ஒரு முழம் தள்ளி மறுபடி.

குரங்கு மாதிரி இல்லை, இதற்குத் தாவத் தெரியாது என்றாள்.
கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டால்தான்
அடுத்த மரம்.
நுனிக்கு வந்தது. ஒல்லியான கை ஒன்று நீண்டு
புங்கின் இலையைத் தொட்டது. விட்டது. தொட்டது.
பிடி இறுகும்வரை
பின்கால் எடுக்கவில்லை.

கம்பத்தில் நாங்களும் அப்படித்தான்.
ஒரே ஒரு முறை அவசரப்பட்ட முனிவெங்கடனுக்கு
நஷ்டஈடு இன்னும் வரவில்லை.

கிளையை வெட்டினோம்.
ஜூன் மழை யாருக்கும் காத்திருக்காது.
வெட்டிய கையோடு
‘கேபிள் இழுக்க, முப்பது அடி’ என்று
ஸ்டோரில் கையெழுத்துப் போட்டுக் கயிறு வாங்கி
கம்பிக்கு ஆறடி கீழே
மரத்துக்கும் மரத்துக்கும் கட்டினேன்.

தேச்சம்மா பத்தொன்பது ராத்திரி எண்ணினாள்.
அணில் போனது.
காகம் உட்கார்ந்து பார்த்தது.
யாரோ எறிந்த ஒற்றைச் செருப்பு
ஒரு வாரம் தொங்கியது.
காடுபாப்பா: பூஜ்யம்.
நோட்டை மூடிவிட்டு விடுமுறைக்கு மடிக்கேரி போனாள்.
டார்ச்சை என்னிடம் விட்டுவிட்டு.

ஜூலையில் ஒரு ராத்திரி, இரண்டு பத்துக்கு,
டப்பென்று வளாகம் முழுக்க இருட்டு.
மழையில் ஓடிப்போய்
வேதியியலுக்குப் பின்னால் பெட்டியைத் திறந்து
ஃப்யூஸ் மாற்றி
மெயின் சுவிட்சில் கை வைத்தவன்
சும்மா மேலே அடித்துப் பார்த்தேன்.

மழை விட்டிருந்தது. காற்று இல்லை.
கயிறு நடுவில் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.
தாழ்ந்த இடத்தில், தலைகீழாக,
ஒரு கை முன்னால்,
ஒரு கால் இன்னும் பின்னால்.

சுவிட்சைப் போட்டால்
தெருவிளக்கு நேரே அதன் கண்ணில்.

விடுதி ஜன்னல்களிலிருந்து
கன்னடத்தில், இந்தியில், மலையாளத்தில்
என் வம்சத்தையே திட்டினார்கள்.
தமிழிலும் ஒருவன்.
எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு
சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல்
தேவாங்கு மாதிரி முழித்துக்கொண்டு நின்றேன்.

பதிவேடு:
கோளாறு 2.10. சரியானது 2.41.
ஃப்யூஸ் மாற்ற இவ்வளவு நேரமா என்று
நஞ்சேகௌடர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்.
காரணம் எழுதும் கட்டத்தில்
‘மரத் தடங்கல்’ என்று போட்டேன்.